சிறு கொதிகலமும் குளிர்நீர்ச் சோதனையும்

கைத்தொழிலில் ஆர்வமுடைய மாணவர் சிலர் சிறு நீராவி இயந்திரம் அமைக்க விழைவர். உருளையோ சக்கரமோ பழுதுபடின் இயந்திரம் நின்றுவிடும், அவ்வளவே. கொதிகலம் பழுதுபடின் அருகிருப்போர் உடல் வெந்துபோம். ஆதலின் அதனை விளையாட்டுப் பொருளென்று எண்ணலாகாது.

கலத்திற்கு ஏற்ற உலோகம் செம்பு. பித்தளை கண்ணுக்கு இனிதெனினும், அதிலுள்ள துத்தநாகம் வெந்நீரால் நாளடைவில் அரிக்கப்பட்டு நீங்கும். எஞ்சுவது நுண்துளை மலிந்த வலியற்ற செம்பே.

இனி, மூட்டுக்களே கலத்தின் உயிர்நிலை. அழுத்தமானி சதுர அங்குலத்திற்கு 100 இராத்தல் காட்டுங்கால், நீராவியின் வெப்பம் ஏறக்குறைய 170 பாகை சென்டிகிரேடு ஆகும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். அதற்கு முன்னரே வலி குன்றும். நீர் வற்றிவிடின் அச்சிறு இடைவெளியும் இல்லை. வெள்ளிப் பற்றாசோ 600 பாகைக்கு மேற்பட்டே உருகும். ஆதலின் அதுவே தக்கது.

கலம் முடிந்தவுடன் தீ மூட்டற்க. உள்ளே காற்றுச் சிறிதும் நில்லாதவாறு குளிர்நீர் நிரப்பி, கைப்பம்பினால் வேலையழுத்தத்தின் இருமடங்கு ஏற்றிச் சற்றுநேரம் நிறுத்திப் பார்க்க. அழுத்தத்தால் நீர் மிகச் சிறிதே சுருங்கும். ஆதலின் மூட்டு விடினும், சில துளி கசிந்த மாத்திரத்தில் அழுத்தம் தணியும். அடைபட்ட கொதிநீரோ, வழி கிடைத்தவுடன் ஆவியாய்ப் பன்மடங்கு பெருகிச் சீறிப்பாயும்.

குறையைக் குளிர்நீர் காட்டுவதே நலம். நீராவி காட்டின், திருத்தக் காலம் இராது.