மழைமானியின் கம்பி சரியா?

அடி அண்ணாமலையில் மொட்டைமாடியில் தானியங்கி மழைமானி வைத்திருப்பவர்கள் ஐப்பசிக்கு முன்பே இணைப்பைச் சோதித்துவிடுங்கள்.

கணக்கு கம்ப்யூட்டருக்கு வரவில்லை என்றால் மானியைக் கழற்றாதீர்கள், முதலில் கம்பி. ஆர்.எஸ்.232 கேபிளை லாகரிலிருந்து உருவி, அந்த முனையிலுள்ள 9 முள் பிளக்கில் 2, 3 இரண்டை மட்டும் ஒரு துண்டுச் செப்புக் கம்பியால் இணையுங்கள். டெர்மினல் மென்பொருளில் ஓர் எழுத்தைத் தட்டினால் அதே எழுத்து திரும்பி வரவேண்டும். செப்புத் துண்டை எடுத்ததும் வரவு நிற்கவேண்டும். நிற்காவிட்டால் 'லோக்கல் எக்கோ' இயங்குகிறது. அதை அணைத்துவிட்டு, செப்புத் துண்டை மாட்டி மறுபடி பாருங்கள். துண்டு இருக்கும்போது மட்டும் எழுத்து வந்தால் கேபிள் நலம்.

லாகரை மாட்டியபின் கோணல்மாணல் குறிகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. அங்கே 9600 என்றால் இங்கேயும் 9600.

கேபிள் 15 மீட்டரைத் தாண்டுமா? ஆர்.எஸ்.485-க்கு மாறுங்கள். முறுக்கிய ஜோடிக் கம்பியில், குறைந்த வேகத்தில், 1,200 மீட்டர் வரை தாங்கும். தூரம் அதிகமென்றால் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் அவசியம். பதிலே இல்லையா? ஏ, பி கம்பிகளை இடம் மாற்றிப் பாருங்கள்.

கிரிவலப் பாதையில் குரங்குகள் உண்டு. கேபிளை பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, குழாய் வாயை அடையுங்கள், எறும்பும் ஏறாது.