லாடத்தின் குறுக்கே இரண்டு விரல்

அமெரிக்காவில் பேஸ்பால் பிட்சர் (பந்துவீச்சாளர்) வேலை தேடிப் போகிறவரின் ஃபாஸ்ட்பாலைத்தான் தேர்வாளர்கள் முதலில் பார்ப்பார்கள். வளையும் பந்தெல்லாம் பிறகு. பழகுவதையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

கிரிக்கெட் பந்து பிடித்த கைக்கு முதலில் குழப்பமாக இருக்கும். அங்கே தையல் நேர்கோடு. பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல்கள் குதிரை லாடம்போல் வளைந்து ஓடுகின்றன. லாடத்தின் வாய் மோதிரவிரல் பக்கம் இருக்கட்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதன் குறுக்கே, நுனிகள் தையலில் படும்படி வையுங்கள். நடுவில் அரை விரல் இடைவெளி போதும். கட்டைவிரல் நேர் கீழே. இதுதான் ஃபோர்-சீம் பிடி: ஒரு சுற்றுக்கு நான்கு தையல்கள் காற்றைக் கிழிக்கும்.

உள்ளங்கையில் பந்து படவே கூடாது. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல, நழுவ விடாமலும் நசுக்காமலும் பிடியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். இறுக்கினால் மணிக்கட்டு விறைத்துவிடும். விரல்நுனியால் பந்தைக் கீழ்நோக்கி இழுத்துவிட முடியாது, பின்சுழல் குறைந்துவிடும். அந்தச் சுழல்தான் பந்தைக் காற்றில் தாங்குகிறது. எதிர்பார்த்த அளவு பந்து இறங்காததால், பேட்டர் அதற்கு அடியில் மட்டையை வீசி ஏமாறுகிறார்.

வேகம் கையில் இருப்பதாக நினைத்துத் தோளை வருத்தாதீர்கள். பின்காலால் மவுண்டின் (வீசும் மேட்டின்) ரப்பர் பலகையை உந்தி, முன்காலைப் பந்து பிடிக்கும் கேட்சரை நோக்கி நீட்டி ஊன்றுங்கள். முதலில் இடுப்பு திரும்பட்டும், அடுத்து தோள், கடைசியில்தான் கை. பந்தை விடும்போது இரண்டு விரல்களும் அதன் பின்னால் இருக்க வேண்டும்.

முழங்கையை மடக்கி வீச இங்கே தடையில்லை. ஆனால் அதன் உட்புறத் தசைநாரில் பெரும் சுமை இறங்குகிறது. அது அறுந்தால் செய்யும் அறுவை சிகிச்சை, 1974இல் முதன்முதலில் அதைச் செய்துகொண்ட டாமி ஜான் என்ற பிட்சரின் பெயராலேயே வழங்குகிறது. வலித்தால் நிறுத்துங்கள், பயிற்சியாளர் என்ன சொன்னாலும்.

2010இல் பிட்சர் அரோல்டிஸ் சாப்மன் மணிக்கு 105 மைலைத் தாண்டிய வேகத்தில் வீசினார். மலைக்க வேண்டாம். கிரெக் மேடக்ஸ் என்ற பிட்சர் அந்த வேகத்தை நெருங்கியதே இல்லை. ஆனாலும் 355 வெற்றிகள் அவர் கணக்கில் இருக்கின்றன. நினைத்த மூலையில் பந்தை வைத்தார். ஒரு பிட்சரிடம் நான் முதலில் கேட்பது அந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

முதல் வாரம், ரப்பர் பலகையிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரையான 18.44 மீட்டர் முழுத் தூரம் வேண்டாம். பாதித் தூரத்தில் நில்லுங்கள். இரண்டு விரல்களுக்கும் நடுவே வரும்படி பந்தைச் சுற்றி மையால் ஒரு கோடு போட்டு வீசுங்கள். கோடு அசையாமல் சுழன்றால் பிடி சரி. தள்ளாடினால் விரல்கள் பந்தின் பக்கவாட்டுக்கு நழுவுகின்றன.