வெற்றிலைப் பையும் புகையிலைச் சட்டமும்

(சுகாதாரப் பாடம்)



காலையில் மலைக்கு ஏறும்போது கூடையோடு வெற்றிலைப் பையும் நம்மோடு ஏறுகிறது. "குளிருக்கு ஒரு வாய் போட்டாத்தான் கை ஓடும்" என்கிறோம். புகையிலையைப் பற்றி நாட்டுச் சட்டம் சொல்வது என்ன, அது நம் பைக்குள் எட்டுகிறதா என்று இன்று பார்ப்போம்.

சட்டம் சொல்வது

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி:

1. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். எனவே, "தம்பி, ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.
2. சிகரெட்டுக்கு விளம்பரம் செய்யக் கூடாது.
3. பொதுமக்கள் கூடும் மூடிய இடங்களில் புகைக்கக் கூடாது.

2015 முதல் சிகரெட் பெட்டியில் 80 வீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது. 2016 செப்டெம்பர் 1 முதல், வாயில் போட்டு மெல்லும் புகையிலைக் கலவைகளும், புகையிலை கலந்த மின் சிகரெட்டும் விற்கத் தடை வந்தது. "இது வெறும் ஆவிதான்" என்று டவுனில் யாரும் நீட்டினால் நம் இளைஞர்கள் ஏமாறக் கூடாது. அதிலுள்ள நிக்கொட்டின் ஆளை அடிமையாக்கும்.

சட்டம் எட்டாத இடம்

சட்டம் கடைக்காரரைத் தடுக்கும். நாம் கடைவாயில் ஒதுக்கி வைப்பதை யார் தடுப்பது? இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை போடும் பெண்களுக்கும் அது வரும். "நான் போயிலை போடுறதில்லை, பாக்கு மட்டுந்தான்" என்பவரும் தப்ப முடியாது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும்.

வாயைப் பாருங்கள்

மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்:

- வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
- இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண்
- காரம் பட்டால் எரிச்சல்
- வாயை முழுதாகத் திறக்க முடியாமை

"உடம்புச் சூடு, தானா ஆறிடும்" என்று விடாதீர்கள். ஒரு நாள் பேர் போகுமே என்று தள்ளிப்போட்டு, முற்றிய பிறகு மஹரகமைக்கு ஓடினால் போவது ஒரு நாள் பேர் மட்டுமல்ல. தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தலாம். தோட்ட மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் காசில்லாமல் பார்ப்பார்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாய் போடுகிறோம்? கிழமைக்கு எவ்வளவு காசு?
2. பாட்டியின் பையிலிருந்து பாக்கு எடுக்கும் பிள்ளைக்கு யார் சொல்வது?
3. இன்று முதல் புகையிலையை விட்டு, பாக்கையும் குறைக்க யார் முன்வருவார்?