நிலக்கடலை வேர்முண்டில் இரும்பு செய்யும் வேலை

விருத்தாசலத்தைச் சுற்றிய செம்மண் நிலங்களில் முந்திரியும் நிலக்கடலையும் நெடுங்காலமாய்ப் பயிராகி வருவதை யாவரும் அறிவர். இவ்வூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த வி.ஆர்.ஐ. என்னும் பெயர் தாங்கிய கடலை ரகங்களும் குடியானவர்க்குப் புதியன அல்ல. ஆயினும் கடலைச் செடியின் வேரில் கடுகளவும் மிளகளவுமாய் ஒட்டியிருக்கும் முண்டுகளின் பிரயோஜனத்தை அறிந்து அதற்கேற்ப உரமிடுவோர் இன்னும் சிலரே யாவர். பயிர் சிறிது வெளிறக் கண்டவுடன் யூரியா மூட்டையை அவிழ்ப்பதே பலருக்கு வழக்கமாயிருக்கின்றது. மூட்டையின் விலை ஒருபுறம் இருக்க, விலையின்றி நடந்து வரும் வேலையொன்று அதனால் தடைப்படுவதே பெரிய நஷ்டமாகும்.

ஆகாயத்தில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு உள்ளது. ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றில் மட்டும் முப்பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்ட நைட்ரஜன் உண்டு. தழைச்சத்து என்பது இதுவே. ஆனால் அவ்வாயுவில் இரண்டிரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடப்பதால், எந்தப் பயிரும் அதனை நேரே உண்ண இயலாது. அக்கட்டை அவிழ்த்து அம்மோனியாவாக்கும் முறையை ஜெர்மனி தேசத்து ஹாபர் என்பவர் கண்டறிந்தார். பாஷ் என்பவர் அதனை ஆலைத் தொழிலாக்கினார். 1913-ம் வருஷத்தில் ஓப்பா என்னுமிடத்தில் முதல் ஆலை ஓடத் தொடங்கிற்று. இம்முறைக்கு 400 முதல் 500 டிகிரி வரை உஷ்ணமும், காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தமும் வேண்டும். அண்டையிலுள்ள நெய்வேலியிலும் யூரியா ஆலையொன்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைபெற்றது. இத்தகைய ஆலைகளில் நைட்ரஜனின் கட்டை அவிழ்க்கத் துணை நிற்பது இரும்பே என்பது கவனிக்கத்தக்கது.

வேர்முண்டிலும் அதே வேலையை இரும்பே செய்கின்றது. ஆனால் நெருப்பில்லை, அழுத்தமில்லை, மண்ணின் சாதாரணச் சூடே போதும். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் வெண்களிமண்ணில் இரும்பு கலந்திருந்தால், சூளையில் வெந்தபின் பாண்டத்தில் கறை விழுமென்று அதனை ஒதுக்குவர். அவர்கள் ஒதுக்கும் அப்பொருளே வயலில் கடலைக்கு உயிர்நிலையாயிருக்கின்றது.

முண்டினுள் வாழ்வது ஒருவகைப் பாக்டீரியா. ஹாலந்து தேசத்து பெயெரிங்க் என்பவர் 1888-ம் வருஷத்தில் வேர்முண்டுப் பாக்டீரியாவை முதன்முதல் தனியே பிரித்து வளர்த்தார். பக்க வேர்கள் பிரியுமிடத்து உண்டாகும் சிறு வெடிப்புகளின் வழியே இவை கடலை வேரினுள் புகுகின்றன. நைட்ரஜனின் கட்டை அவிழ்க்க இவற்றிடமுள்ள கருவி நைட்ரஜனேஸ் என்னும் நொதியாகும்.

அந்நொதியின் அமைப்பு நெடுநாள் மறைவாகவே இருந்தது. அதனை அறிய முதலில் நொதியைப் படிகமாக்க வேண்டும். பாகிலிருந்து கற்கண்டு கட்டுவது போலவே, புரதமும் தகுந்த கரைசலில் மெல்ல மெல்லப் படிகமாய் உறையும். படிகத்தில் அணுக்கள் வரிசை தவறாது நிற்பதால், அதன் வழியே செலுத்தப்படும் எக்ஸ் கதிர்கள் குறித்த திசைகளில் சிதறிப் புள்ளிகளாய்ப் பதியும். அப்புள்ளிகளைக் கணக்கிட்டு ஒவ்வோர் அணுவின் இடத்தையும் கண்டுகொள்ளலாம். இந்நொதியோ காற்றுப் பட்டால் கெடும் இயல்பினது; ஆகவே படிகமாக்கும் வேலை முழுவதும் பிராணவாயு அணுகாதபடி செய்யப்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கிம், ரீஸ் என்ற இருவர், மண்ணில் தனித்து வாழும் அசோடோபாக்டர் என்னும் பாக்டீரியாவின் நொதியைக் கொண்டு 1992-ம் வருஷத்தில் இவ்வமைப்பை வெளியிட்டனர். வேர்முண்டிலுள்ள நொதியும் இதே இனத்ததாகும்.

நொதி இரண்டு புரதங்களால் ஆயது. சிறிய புரதத்தில் நான்கு இரும்பணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் கூடிய கொத்து ஒன்று உண்டு. பெரிய புரதத்தில், எட்டு இரும்பும் ஏழு கந்தகமும் கொண்ட இடைக்கொத்து ஒன்றும், வேலை முடியுமிடமாகிய தலைக்கொத்து ஒன்றும் ஜோடியாய் இரண்டிரண்டு உள்ளன. தலைக்கொத்தில் ஏழு இரும்பு, ஒன்பது கந்தகம், ஒரு மாலிப்டினம் ஆகியவை அடங்கும். எலுமிச்சைப் புளிப்புக்கு உறவான அமிலமொன்று மாலிப்டினத்தைப் பற்றி நிற்கின்றது. கொத்தின் நடுவே ஏதோ ஓர் அணு இருப்பது 2002-ல் தெரியவந்தது. அது நைட்ரஜனோ வேறொன்றோ என்று ஒன்பது வருஷம் வாதம் நடந்து, 2011-ல் கரியணு என்று உறுதியாயிற்று.

வேலை நடக்கும் விதத்தைக் கவலை இறைப்பதற்கு ஒப்பிடலாம். சிறிய புரதமே சால். அது கொண்டுவருவது எலக்ட்ரான் என்னும் மின்துகள். ஒரு தடவைக்கு ஒன்றுதான் கொணரும். பெரிய புரதத்தோடு வந்து பொருந்தி, துகளை இடைக்கொத்தின் வழியே தலைக்கொத்தில் சேர்த்துவிட்டு, விலகிச் சென்று மீண்டும் நிரம்பி வரும். ஒவ்வொரு நடைக்கும் கூலி, ஏ.டி.பி. என்னும் சக்திப்பொருள் இரண்டு. முதல் நான்கு நடை முடியும் வரையில் நைட்ரஜன் அங்கே நிலையாய்ப் பற்றுவதில்லை. சேர்ந்த எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனோடு கூடி இரும்பணுக்களிடையே தங்கியிருக்கும். பின்னர் அவற்றுள் இரண்டு ஹைட்ரஜன் ஒன்றுகூடி வாயுவாய் வெளியேற, காலியான இரும்பின் முகத்தில் நைட்ரஜன் வந்து பற்றுகின்றதென்பதே ஆராய்ச்சியாளர் பலரது கொள்கை. மேலும் நான்கு நடையில் கட்டு முற்றும் அவிழ்ந்து இரண்டு அம்மோனியா பிறக்கின்றன. ஆக எட்டு நடை, பதினாறு ஏ.டி.பி. வாயுவாய்ப் போன ஹைட்ரஜனை வீண் என்று கருதலாகாது. அது கதவைத் திறப்பதற்குக் கொடுத்த கூலி.

இவ்வளவு சக்தியும் இலையில் உண்டாகும் சர்க்கரையிலிருந்தே வரவேண்டும். அச்சர்க்கரையை எரிக்கப் பிராணவாயு தேவை. அப்பிராணவாயுவே நொதியைக் கெடுப்பது. இம்முரணைச் செடி தீர்த்துக்கொண்ட வகை வியக்கத்தக்கது. நம் இரத்தத்திலுள்ளது போன்ற இரும்பு கலந்த செந்நிறப் பொருளை அது முண்டினுள் நிரப்பி, பிராணவாயுவைப் பிடித்து அளந்து கொடுக்கின்றது. முண்டை நகத்தால் கீறினால் உள்ளே சிவந்திருப்பது இதனாலேயே.

இனி வயலில் செய்யத்தக்கவை. விதைத்த ஐந்தாறு வாரத்தில் நிலத்தின் நாலைந்து இடங்களில் செடிகளை மண்ணோடு வெட்டியெடுத்து, நீரில் அலசி, முண்டுகளை அறுத்துப் பார்க்க வேண்டும். கையால் பிடுங்கினால் முண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடும். உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கின்றது. அந்நிலத்துக்கு மேலுரமாக யூரியா இடுவது காசைக் கரைப்பதே. மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் செடி முண்டுகளுக்கு உணவளிப்பதைக் குறைத்துக்கொள்ளும். புது முண்டுகளும் குறையும். முண்டு கட்டுமுன் இளஞ்செடிக்கு உதவச் சிறிதளவு அடியுரமாய் இடுவது வேறு விஷயம். முண்டு வெளுத்தோ, பச்சையாயோ, அறவே இல்லாமலோ இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

ஏ.டி.பி.யில் மணிச்சத்து அடங்கியிருப்பதால், அச்சத்துக் குறைந்த நிலத்தில் கவலைக்குக் கூலி கிட்டாது. நீர் தேங்கினால் வேர் மூச்சற்றுப் போகும். ஆகையால் வடிகால் முக்கியம். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை. அங்கே இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றும், முண்டும் குன்றும். இதனைத் தழைச்சத்துக் குறைவென்று மயங்கி யூரியா இடுவோர் பலர். நூறு லிட்டர் நீருக்கு அரை முதல் ஒரு கிலோ வரை அன்னபேதி கரைத்து இலையில் தெளிப்பதே இதற்கு மருந்து. புளிப்பேறிய செம்மண்ணிலோ நிலைமை வேறு. இரும்புக்குக் குறைவில்லை, மாலிப்டினம் மண்ணில் கட்டுண்டு கிடக்கும். மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இட்டால் அது விடுபடும். கடலைக்கு இடும் ஜிப்சம் காய்க்குச் சுண்ணச்சத்தும் கந்தகமும் தருமேயன்றி மண்ணின் புளிப்பைப் போக்காது.

கடலை விளையாத புதுநிலத்தில் தகுந்த பாக்டீரியா போதிய அளவு இராமலும் போகலாம். ஹெக்டேருக்கு 600 கிராம் ரைசோபியம் கலவையை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் தோல் உரியாதபடி புரட்டி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். பூசண மருந்து கலப்பதாயின் அதனை முந்தின நாளே கலந்துவிட வேண்டும். பொட்டலங்களைக் கிராமத்துக்குத் தருவித்து வைக்கும் அதிகாரிகள், உள்ளிருப்பவை உயிருள்ளவை என்பதை நினைவில் வைத்து, வெயிலும் தகர அறையின் சூடும் படாத இடத்தில் அவற்றை வைத்து, உறையில் அச்சிட்ட கெடு தேதியைப் பார்த்தே வழங்க வேண்டும்.