தூரிகை பிடிக்கும் பென்குயின்: டக்ஸ் பெயின்ட் மென்பொருளும் நம் வகுப்பறையும்

தொடக்க வகுப்பு மாணவர்களைக் கணினி ஆய்வகத்திற்கு முதன்முறை அழைத்துச் செல்லும்போது நாம் அதிகம் சொல்லும் சொல் எது? "தொடாதே!" என்பதுதான். எதையாவது அழுத்திவிட்டால் கணினி கெட்டுவிடும் என்ற அச்சம் நமக்கு. அந்த அச்சம் குழந்தைக்கும் தொற்றிக்கொள்கிறது. ஆறு வயதுக் குழந்தை எதை வேண்டுமானாலும் அழுத்தலாம், எதுவும் கெட்டுப்போகாது என்று நாம் துணிந்து சொல்லக்கூடிய மென்பொருள்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று டக்ஸ் பெயின்ட். பெரிய நிறுவனம் எதுவும் இதன் பின்னால் இல்லை. தனி மனிதர் ஒருவர் தொடங்கி, தன்னார்வலர்களின் துணையோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்துவரும் மென்பொருள் இது. இதன் வரலாற்றையும் இன்றைய நிலையையும், நம் வகுப்பறையில் இதைப் பயன்படுத்தும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு தந்தையும் ஒரு நிரலாளரும்

குழந்தைகளுக்கான ஓவிய மென்பொருளின் வரலாறு கிட் பிக்ஸ் என்பதிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிரெய்க் ஹிக்மன், 1988இல் தம் மூன்று வயது மகன் மெக்கின்டாஷ் கணினியில் படம் வரைய முயல்வதைக் கவனித்தார். சுட்டியை நகர்த்துவதிலோ கோடு போடுவதிலோ குழந்தைக்குச் சிரமம் இல்லை. பெரியவர்களுக்காக அமைக்கப்பட்ட பட்டியல்கள்தாம் அவனைத் தடுக்கின்றன என்பதை அவர் உணர்ந்தார். மகனுக்காகவே ஒரு மென்பொருளை எழுதி, 1989இல் இலவசமாக வெளியிட்டார். 1991இல் புரோடர்பண்ட் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பத்தாண்டுகள் கழித்தும், லினக்ஸ் இயங்குதளத்தில் சிறு குழந்தைகளுக்கு ஏற்ற ஓவிய மென்பொருள் இல்லை. அந்தக் குறையைப் போக்க, கலிபோர்னியாவின் டேவிஸ் நகரைச் சேர்ந்த நிரலாளர் பில் கென்ட்ரிக் 2002இல் டக்ஸ் பெயின்ட்டை எழுதத் தொடங்கினார். லினக்ஸின் அடையாளமான 'டக்ஸ்' என்னும் பென்குயினே இதன் வழிகாட்டி. திரையின் அடியில் நின்றுகொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று குழந்தைக்குச் சொல்லும். லினக்ஸில் தொடங்கிய இம்மென்பொருள் இன்று விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு ஆகியவற்றிலும் இயங்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. அவற்றுள் தமிழும் உண்டு. 3 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது.

பதிப்பு எண் சொல்லும் செய்தி

இருபது ஆண்டுகள் கடந்தும் இதன் பதிப்பு எண் இன்னும் 1ஐத் தொடவில்லை. 0.9 என்ற வரிசையிலேயே செல்கிறது. 0.9.22 என்னும் பதிப்பு 2014இல் வந்தது. அடுத்த பதிப்பான 0.9.23 வருவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு பதிப்புகள் விரைவாக வரத் தொடங்கின. ஓய்வு நேரத்தில் செய்யும் பணி இப்படித்தான் நடக்கும். சில ஆண்டுகள் மெதுவாகவும் சில ஆண்டுகள் விரைவாகவும் நகரும்.

இதில் ஆசிரியர் அறிய வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. ஆய்வகக் கணினியில் உள்ள பதிப்பு மிகப் பழையதாக இருந்தால், இக்கட்டுரையில் சொல்லப்படும் வசதிகள் சில அதில் இருக்காது. எழுதியதைப் பிறகு திருத்த உதவும் 'லேபிள்' கருவி 0.9.22 பதிப்பில்தான் சேர்ந்தது. எனவே பாடத்திட்டம் எழுதும் முன் பதிப்பு எண்ணைப் பார்த்துவிடுங்கள். புதிய பதிப்பு வரும்போது அதனுடன் வெளியாகும் மாற்றக் குறிப்பைப் படிப்பதும் நல்ல பழக்கம்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

இது பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்ட கட்டற்ற மென்பொருள். ஒரு முறை பதிவிறக்கி, எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம். மாணவர்களுக்குப் பென் டிரைவில் கொடுக்கலாம். பயனர் கணக்கு, கடவுச்சொல், விளம்பரம் எதுவும் இல்லை. நிறுவிய பின் இணையமும் தேவையில்லை. இலவசம் என்று சொல்லிக்கொண்டு, குழந்தை வண்ணம் தீட்டும் நேரத்தில் விளம்பரம் காட்டும் செயலிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தேடுபொறியில் முதலில் தெரியும் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து எந்த மென்பொருளையும் எடுக்க வேண்டாம். அத்தகைய தளங்கள் சில, வேண்டாத மென்பொருள்களையும் சேர்த்தே தந்துவிடும். உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஆய்வகப் பொறுப்பாளரின் ஒப்புதலோடு நிறுவுவதும் அவசியம். முத்திரைப் படங்களின் தொகுப்பு தனியாகக் கிடைக்கிறது. அதையும் மறவாமல் நிறுவுங்கள்.

ஆய்வகத்திற்கான ஐந்து அமைப்புகள்

டக்ஸ் பெயின்ட்டின் அமைப்புகள் குழந்தையின் கண்ணில் படாதபடி, 'டக்ஸ் பெயின்ட் கான்ஃபிக்' என்ற தனி நிரலில் வைக்கப்பட்டுள்ளன. முதல் வகுப்புக்கு முன் ஆசிரியர் பத்து நிமிடம் இதில் செலவிட்டால் போதும்.

1. மொழி: இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றுங்கள். எழுத்துக் கருவியில் தமிழ்த் தட்டச்சு உங்கள் கணினியில் எப்படி வருகிறது என்பதையும் வகுப்புக்கு முன்பே சோதித்துப் பாருங்கள்.

2. சேமிப்பு: படத்தைச் சேமிக்கும்போது இம்மென்பொருள் கோப்பின் பெயரைக் கேட்பதில்லை. சிறிய படங்களாகவே அடுக்கிக் காட்டும். எழுதத் தெரியாத குழந்தைக்கு இது பெரும் வசதி. ஆனால் ஒரே கணினியைப் பல வகுப்புகள் பயன்படுத்தும்போது, ஒரு குழந்தையின் படத்தின் மீது இன்னொரு குழந்தை சேமித்துவிட வாய்ப்புண்டு. 'எப்போதும் புதிய படமாகச் சேமி' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது நேராது.

3. சேமிப்பிடம்: இயல்பாகப் படங்கள் கணினியின் மறைவான கோப்புறை ஒன்றில் சேரும். வகுப்புவாரியாகக் கோப்புறை உருவாக்கி, அதைச் சேமிப்பிடமாகக் குறித்துவிட்டால் படங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மதிப்பீட்டுக்கான படைப்புத் தொகுப்பும் தானாகவே உருவாகிவிடும்.

4. அச்சிடல்: அச்சுப் பொத்தானைக் குழந்தைகள் மீண்டும் மீண்டும் அழுத்துவார்கள். அச்சிடலை முடக்கலாம் அல்லது ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே இத்தனை நொடிகள் என்று வரையறுக்கலாம்.

5. வெளியேறுதல்: 'வெளியேறு' பொத்தானை முடக்கி, முழுத்திரையில் இயக்கினால் குழந்தை வேறெங்கும் சென்றுவிடாது. ஷிஃப்ட், கன்ட்ரோல், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி ஆசிரியர் மூடிக்கொள்ளலாம்.

இவற்றோடு ஒலியை நிறுத்தும் அமைப்பையும் அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கணினிகளும் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து நிற்பார்!

வகுப்பறைச் செயல்பாடுகள்

எண்ணுதலும் வகைப்படுத்தலும் (வகுப்பு 1, 2): முத்திரைக் கருவியில் விலங்குகள், பழங்கள் எனப் பல படங்கள் உள்ளன. "ஒரு பக்கம் ஐந்து பழங்கள், மறுபக்கம் மூன்று. மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் படமாகவே விடை அமைக்கச் சொல்லலாம். பறப்பவை, நடப்பவை எனத் திரையை இரண்டாகப் பிரித்து முத்திரை இடச் சொல்லலாம். தவறாக வைத்தால் 'முந்தைய நிலை' பொத்தானை அழுத்தினால் போதும். பலகையில் தவறாக எழுதத் தயங்கும் குழந்தை, இங்கே தயங்காமல் முயல்வதை நீங்களே காண்பீர்கள்.

கோலமும் சமச்சீரும் (வகுப்பு 3 முதல் 6 வரை): 'மேஜிக்' பிரிவில் இடவலச் சமச்சீர், மேல்கீழ்ச் சமச்சீர், கலைடாஸ்கோப் ஆகிய கருவிகள் உள்ளன. ஒரு பக்கம் கோடு வரைந்தால் மறுபக்கம் அதன் பிம்பம் தானாகவே தோன்றும். முதலில் காகிதத்தை மடித்துச் சமச்சீர்க் கோட்டை உணரச் செய்யுங்கள். பிறகு கணினியில் பாதிக் கோலத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். "இப்போது எத்தனை சமச்சீர்க் கோடுகள் தெரிகின்றன?" என்று கேளுங்கள். கலைடாஸ்கோப் கருவியில் ஒரு கோடு போட்டால் திரையில் எத்தனை கோடுகள் எழுகின்றன என்பதையும் அவர்களையே எண்ணிச் சொல்லச் செய்யலாம். வீட்டு வாசலில் பார்த்துப் பழகிய கோலம் கணக்குப் பாடமாக மாறும் இடம் இது. கடைசியில் ஒரு படத்தையாவது கருவியின் துணையின்றிக் கைப்பட வரையச் சொல்லுங்கள். கருவி செய்ததை மாணவர் புரிந்துகொண்டாரா என்பது அப்போதுதான் தெரியும்.

படவரிசை (வகுப்பு 4 முதல் 8 வரை): வண்ணத்துப்பூச்சியின் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி ஆகிய நான்கு நிலைகளையும் நான்கு படங்களாக வரைந்து சேமிக்கச் சொல்லுங்கள். 'திற' பகுதியில் உள்ள 'ஸ்லைடு' வசதியில் படங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்து இயக்கினால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். வரிசையை மாணவரே முடிவு செய்வதால், பாடத்தைப் புரிந்துகொண்டாரா என்பதை அதிலிருந்தே மதிப்பிடலாம். நான்கு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு நிலை என்று பிரித்தால் கணினிகள் குறைவாக உள்ள பள்ளியிலும் இது சாத்தியமே.

ஆசிரியரே உருவாக்கும் தொடக்கப் படங்கள்

டக்ஸ் பெயின்ட்டின் சிறந்த வசதி 'தொடக்கப் படம்'. கறுப்புக் கோட்டோவியம் மேலே இருக்கும். குழந்தை தீட்டும் வண்ணம் அதன் அடியில் செல்லும். எவ்வளவு அழித்தாலும் கோட்டோவியம் அழியாது. வெள்ளைத்தாளில் தடித்த பேனாவால் பூவின் பாகங்களையோ மாவட்ட எல்லையையோ வரைந்து, கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்ப் போன்ற மென்பொருளில் வெள்ளைப் பகுதியை ஒளிபுகுவதாக மாற்றி, பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். தொடக்கப் படங்களுக்கான கோப்புறையில் அதை வைத்தால், 'புதியது' பொத்தானை அழுத்தும்போது அது தோன்றும்.

முத்திரைகளையும் இதே முறையில் உருவாக்கலாம். பனைமரம், ஏர், ஆட்டுக்கல், உங்கள் ஊர்க் கோயில் கோபுரம், பள்ளி வேம்பு என எதையும் முத்திரையாக்கலாம். படத்தின் பெயரிலேயே ஓர் எழுத்துக்கோப்பை வைத்தால், முத்திரையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் விளக்கம் திரையின் அடியில் தோன்றும். பெயரைச் சொல்லும் ஒலியையும் இணைக்கலாம். மாணவர்களின் குரலிலேயே பதிவு செய்துவிட்டால், அடுத்த ஆண்டு முதல் வகுப்புக்கு வருவோர் தங்கள் அண்ணன், அக்காவின் குரலைக் கேட்டே சொற்களைக் கற்பார்கள்.

சுட்டியை அழுத்திப் பிடிக்க இயலாத விரல்களுக்கு

என் கருத்தில், ஆசிரியர் எவரும் தவறவிடக் கூடாத பகுதி இதுதான். கணினியில் படம் வரைய, சுட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கையை நகர்த்த வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கும், விரல்களில் வலுக் குறைந்த குழந்தைக்கும் இந்த ஒரு செயலே பெருந்தடை. டக்ஸ் பெயின்ட்டில் அணுகல் அமைப்பை இயக்கினால் அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை. ஒரு முறை அழுத்தினால் கோடு தொடங்கும். கையை நகர்த்திய பின் மறுமுறை அழுத்தினால் கோடு முடியும். விசைப்பலகையாலேயே சுட்டியை நகர்த்தலாம். ஜாய்ஸ்டிக்கையும் பயன்படுத்தலாம். திரையிலேயே தோன்றும் விசைப்பலகையும் உண்டு.

"இவனால் முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்" என்று ஒரு குழந்தையை நாம் ஒதுக்கி அமர்த்துவதற்கும், அதே குழந்தை தன் பெயருக்கு மேல் ஒரு சூரியனை வரைவதற்கும் இடையே உள்ள தூரம் சில நேரங்களில் ஓர் அமைப்பை மாற்றும் அளவுதான். சிறப்பாசிரியர் பள்ளிக்கு வரும் நாளில் அவரோடு அமர்ந்து, அந்தக் குழந்தைக்கு எந்த அமைப்பு பொருந்துகிறது என்று சோதித்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நாம் திருப்பித் தரக்கூடியவை

இத்தகைய மென்பொருளுக்கு நாம் பணம் கட்டுவதில்லை. ஆனால் பயன்படுத்துவோரின் அனுபவம் உருவாக்குபவரைச் சென்றடைந்தால்தான் அது மேம்படும். பிழை கண்டால், "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், பதிப்பு எண், இயங்குதளம், எந்த வரிசையில் எதை அழுத்தியபோது என்ன நடந்தது என்பவற்றைத் தெளிவாக எழுதி அனுப்பலாம். தமிழ் மொழிபெயர்ப்பும் தன்னார்வப் பணியே. குழந்தைக்கு ஒரு சொல் புரியவில்லை என்பதை வகுப்பறையில் இருக்கும் நம்மைவிட யார் நன்கு அறிவார்? எளிய சொல்லைப் பரிந்துரைக்கலாம். நாம் உருவாக்கிய முத்திரைகளையும் தொடக்கப் படங்களையும் குறுவள மையக் கூட்டத்தில் மற்ற பள்ளிகளோடு பகிர்ந்துகொள்ளலாம். பள்ளிக்குப் பத்துப் படங்கள் என்று சேர்த்தால், ஒரு கல்வியாண்டுக்குள் ஒன்றியத்திற்கே ஒரு தொகுப்பு கிடைத்துவிடும்.

அடுத்த வாரம் ஒரே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள். பாடம் எதுவும் திட்டமிட வேண்டாம். திரையைத் திறந்துவைத்து, "எதை வேண்டுமானாலும் அழுத்து" என்று சொல்லுங்கள். குழந்தைகள் எந்தக் கருவியை முதலில் தேடிச் செல்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், யார் யாருக்குச் சொல்லித் தருகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த பாடவேளைக்கான திட்டம் அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.