கருவி இருந்தாலும் படம் தெளியுமா?

கேள்வி: என் 11 வயது மகனுக்கு, ஆபத்தான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஐசிடி கருவி பொருத்தியிருக்கிறது. இதய எம்ஆர்ஐயில் முன்பக்கம் வெள்ளையாகிவிட்டதால் இதயத் தசையில் தழும்பு இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கருவியிலுள்ள உலோகம் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைத்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு மார்பு சிறியது. கருவி இதயத்துக்கு மிக அருகில் இருக்கும். அதனால் பாதிப்பும் அதிகம். தழும்பைப் பிரித்துக் காட்ட, நல்ல தசையைக் கறுப்பாக்கும் ரேடியோ துடிப்பு ஒன்றை அனுப்புவார்கள். வழக்கமான துடிப்பின் அலைவரிசை அகலம் சுமார் 1 கிலோஹெர்ட்ஸ்தான். கருவிக்கு அருகே அதிர்வெண் அந்த எல்லையைத் தாண்டி விலகுவதால் துடிப்பு அங்கே எடுபடாது. நல்ல தசையும் வெள்ளையாகத் தெரியும். அதையே தழும்பென்று எண்ணிவிடும் ஆபத்துதான் எனக்குக் கவலை. 'வைட்பேண்ட்' முறையில் இந்த அகலத்தை 4 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கூட்டுகிறார்கள். வெள்ளை பெருமளவு விலகிவிடும். காந்த வலிமை 3 டெஸ்லா உள்ள இயந்திரத்தைவிட 1.5 டெஸ்லா இயந்திரம் நல்லது. கருவி இடது மார்பில் இருந்தால், கையைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பதும் சிலருக்கு உதவும்.

வைட்பேண்ட் வசதி எல்லா மையங்களிலும் இல்லை; முன்கூட்டியே கேளுங்கள். கருவியின் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். ஸ்கேனுக்காகக் கருவியின் அதிர்ச்சி சிகிச்சையை அணைத்துவைப்பார்கள். அதை மறுபடி இயக்கிவிட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டே வீட்டுக்குக் கிளம்புங்கள்.