மழைக்காலமும் மனத்தெம்பும்



நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. ஆயினும் மனத்தைச் சோர்வடையச் செய்யும் பருவம் ஒன்று நமக்கும் உண்டு. மேற்குக் கரைத் தோட்டங்களில் அக்டோபர், நவம்பர்த் திங்களில் பெய்யும் அடைமழைக் காலமே அது. பட்டை நனைந்திருந்தால் ரப்பர்ப் பால் வெட்டிய கோட்டின் வழியே மங்குக்குள் இறங்காது. பட்டையெங்கும் வழிந்து மழைநீரோடு வீணாகும். ஆகவே மழை நாளில் மரம் வெட்ட இயலாது. இன்று பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. அங்கும் பெருமழை வேலையைத் தடுக்கவே செய்கிறது.

நாம் பிறந்து வளர்ந்ததும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான். விடியுமுன் கூரையில் மழையோசை கேட்டால், நம் அன்னையார் எழுந்து வாசற்படியில் நின்று வானத்தை நோக்குவார். காண்டாவும் வாளிகளும் சுவரோரம் கிடக்கும். மழை நின்றபாடில்லை என்றால் அன்று கூலி இல்லை.

ஓராண்டு மழை நாள்கணக்கில் விடாது பெய்தது. கடையில் கடன் ஏறியது. "இனிப் பள்ளிக்குப் போகமாட்டேன், ஏதேனும் வேலைக்குப் போகிறேன்" என்று நாம் பிடிவாதம் செய்தோம். அன்னையார் கடிந்துகொள்ளவில்லை. மழை சற்றுத் தணிந்த மாலையில் நம்மைச் சாலையோரம் அழைத்துச் சென்று, மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருந்த சிறு குருவிகளைக் காட்டினார். "தம்பி, இவையும் நனைந்துகொண்டுதான் இருக்கின்றன. மழை விட்டதும் பார்" என்றார். மழை விட்டது. மண்ணிலிருந்து ஈசல்கள் கிளம்பின. குருவிகள் யாவும் ஒருசேரப் பறந்து அவற்றைப் பிடித்து உண்டன. "காத்திருக்கத் தெரிந்ததற்குப் பசி தீர்ந்தது. நீயும் படிப்பை விடாமல் காத்திரு" என்றார். மறுநாள் நாம் பள்ளிக்குச் சென்றோம்.

அக்குருவியின் பெயர் தகைவிலான் என்பதைப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோதுதான் அறிந்தோம். வட ஆசியாவில் கடுங்குளிர் வந்து பூச்சிகள் அருகும்போது அது பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து நம் நாட்டிற்கு வருகிறது. குளிர் நீங்கியபின் திரும்பிச் செல்கிறது. நாம் துயர்க்காலம் என்று எண்ணும் அதே காலம் அச்சிற்றுயிருக்குப் புகலிடமாக அமைகிறது. ஈசல்கள் மழைக்குப் பின் கிளம்புவதற்கும் காரணம் உண்டு. ஈர மண் இளகியிருப்பதால் புதிய புற்றுக்கு இடம் தோண்டுவது எளிது. தவளைகள் கத்துவதும் வீண் ஓசையன்று. முட்டையிட நீர் கிடைத்த வேளையில் இணையை அழைக்கும் குரல் அது.

பழந்தமிழர் முல்லைத் திணைக்குக் கார்காலத்தைப் பெரும்பொழுதாகவும், இருத்தலை உரிப்பொருளாகவும் வகுத்தனர். இருத்தல் என்பது பிரிந்து சென்றவர் வருவார் என்னும் நம்பிக்கையோடு ஆற்றியிருத்தல். மழைக்கும் பொறுமைக்கும் உள்ள உறவை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

குருவியைப் பார்த்தால் உலை கொதிக்காது என்பதை நாம் அறிவோம். கடன் கடனாகவே நிற்கும். ஆனால் மனம் ஒடிந்தவன் மழை விட்ட பின்னும் எழுந்திருக்க மாட்டான். இயற்கையை உற்று நோக்குகிறவன் எழுந்து நிற்பான். பெற்றோர்களே, கையில் காசில்லாத நாளிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள். இது நம் அன்னையார் நமக்குச் செய்த உதவி.

மாணவர்கள் செய்ய வேண்டியவை:

1. மழை நாள்தோறும் வாசலிலிருந்து கண்ட பறவை, பூச்சி, செடி ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதுக. இடி மின்னலின்போது வெளியே நிற்கலாகாது.

2. தொட்டாற்சுருங்கி இலை மழைத்துளி பட்டதும் என்ன செய்கிறது? எவ்வளவு நேரத்தில் மீண்டும் விரிகிறது?

3. நீங்கள் கண்டதை இரவில் பெற்றோருக்குப் படித்துக் காட்டுக. அவர்கள் முகம் மலர்வதையும் குறித்துக்கொள்க.